தோர்ணக்கல்லில் வேர்விட்ட தமிழ்த் தம்பதியர்
பேராயர் அசரியா – அன்பு மரியம்மாள் வாழ்க்கை வரலாறு

தன்னைத் தூக்கிவிட்ட கைகளை மறவாதிருத்தல் ஒரு சமுதாயத்தின் முதற்கடமை. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், அத்தகைய கைகளுள் ஓரிணையை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவை கணவனும் மனைவியுமாக ஒரே வேலைக்கு நீண்ட கைகள். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது கணவர் பெயர். அன்பு மரியம்மாள் என்பது மனைவியார் பெயர்.

இவர்கள் நம் சூலக்கரையில் பிறந்தவர்களல்லர். நம் சமுதாயத்தில் பிறந்தவர்களுமல்லர். தென்திருநெல்வேலியின் தேரிக்காட்டுச் சீமையில் தோன்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தெலுங்குச் சீமைக்குச் சென்று, அங்கு ஊர்ப்புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மாலர், மாதிகர் என்னும் மக்களிடையே தம் வாழ்நாளைக் கழித்தவர்கள். நமக்கு இரத்த உறவில்லாத இவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்ற கேள்வி வாசகர் உள்ளத்தில் எழலாம். நம்மைப் போன்றே சேரியில் முடக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம், தம்முள்ளிருந்தே ஆசிரியரையும் குருமாரையும் ஆயிரக்கணக்கில் எழுப்பிக்கொண்ட வரலாறு இவர்களுடைய வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. ஆதலின் இது நமக்கும் உரிய வரலாறே.

கூடாரமும் கரிசலும்

நம் பகுதியின் பழைய செய்தி ஒன்றை முதற்கண் கூறுதல் தகும். சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. இக்கரிசல் நிலத்தை அந்நாளில் வடதிருநெல்வேலி என்பர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தேர்ந்த இராக்லாந்து என்னும் ஆங்கிலேயக் குருவானவர் 1854-இல் இங்கு வந்து, தோழர் இருவருடன் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கி ஊழியம் செய்தார். மணம் செய்துகொள்ளாத அவர் 1858-ஆம் ஆண்டு சிவகாசியிலேயே உயிர் நீத்தார். தொலைதூரத்திலிருந்து நம்மிடம் வந்து நம் மண்ணிலேயே மறைந்த மனிதர் அவர். அரை நூற்றாண்டு கழிந்தபின், திருநெல்வேலித் தமிழர்கள் தாமே கூடாரம் சுமந்துகொண்டு வடக்கே புறப்பட்டனர். முன்னர்க் கொண்டவர்கள் பின்னர்க் கொடுக்கத் துணிந்தார்கள். அத்துணிவின் முதல்வர் அசரியா ஆவார்.

பிறப்பும் வளர்ப்பும்

அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். தாயார் பெயர் எல்லன். குடும்பம் நாடார் குலத்தைச் சேர்ந்தது. அக்குலத்தார் அக்காலத்தில் கோயிலுக்குள் நுழையவும், சில தெருக்களில் நடக்கவுங்கூடத் தடுக்கப்பட்டிருந்தனர். 1899-ஆம் ஆண்டு சிவகாசியில் நடந்த பெருங்கலவரத்தை நம் வட்டாரத்து முதியோர் வழிவழியாகக் கேட்டறிந்துள்ளனர். அது நிகழ்ந்தபோது அசரியாவுக்கு வயது 24. இழிவு என்பது யாதென அறிந்த ஒரு குலத்தில் பிறந்தவர் அவர்.

1889-இல் தந்தையார் மறைந்தார். அதன்பின் தாயாரின் கண்டிப்பிலும் பக்தியிலும் அவர் வளர்ந்தார். மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும், பின்னர் திருநெல்வேலியிலும் கற்றார். மாணவராயிருந்தபோதே சாதி வேற்றுமையை மாணவரிடையே களைவதற்கென ஒரு குழு அமைப்பதில் பங்கு கொண்டார். பின்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இறுதித் தேர்வுக் காலத்தில் நோய்வாய்ப்பட்டதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். மீண்டும் தேர்வு எழுத அவர் முயலவில்லை. பட்டமில்லாத அதே மனிதருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920-இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்துப் பெருமை கொண்டது. தேர்வில் தவறிய காரணத்தால் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ளும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

1895 முதல் 1909 வரை அவர் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றித் தென்னாடெங்கும் சுற்றினார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியாவில் கல்லூரிக் கல்வி பெற்ற முதற்கிறித்தவ மகளிருள் ஒருவர் அன்பு மரியம்மாள். வரதட்சணை ஏதும் பெறாமல், ஆரவாரமின்றி அத்திருமணம் நடைபெற்றது. படித்த மாப்பிள்ளைக்கு விலை பேசுவது ஒரு வழக்கமாகவே வளர்ந்துவிட்ட சமுதாயத்தில், கல்வி கற்ற இருவர் அவ்விலையை மறுத்தார்கள். அவர்கள் பின்னாளில் செய்த பணிக்கு அடித்தளம் அன்றே இடப்பட்டது என்று கொள்ளலாம்.

பிடியரிசியில் எழுந்த சங்கம்

1902-ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவ மாணவர் தம் சொந்தப் பணத்தைத் திரட்டி, நம் இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். அது அவரைச் சுட்டது. யாழ்ப்பாணத்தை விடப் பலமடங்கு பெரியது திருநெல்வேலித் திருச்சபை. அது நூறாண்டுக் காலமாக வெள்ளையரிடமிருந்து பெற்றுக்கொண்டே இருந்தது. பிறருக்கு எதனையும் கொடுக்கக் கற்கவில்லை. இவ்வெண்ணம் அவரை உறங்கவிடவில்லை.

1903-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய மேலாண்மை என்னும் மூன்றுமே அதன் கொள்கை. வெளிநாட்டுக் காசு ஒன்றுகூட வேண்டாம் என்று உறுதி கொண்டனர். பனையேறியும், கொல்லையில் உழைத்தும் வாழ்ந்த எளிய குடும்பத்துப் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு வைத்தனர். அப்பிடியரிசி திரண்டு காசாயிற்று, காசு ஊழியராயிற்று. மகமை என்னும் பொதுநிதி முறையால் விருதுநகரிலும் சிவகாசியிலும் பள்ளிகள் எழுந்த வரலாற்றை அறிந்த நமக்கு இதன் வலிமை விளங்கும். சிறுகச் சேர்த்துப் பொதுவில் வைத்தல் என்ற ஒன்றே ஏழைச் சமுதாயங்களுக்கு உரிய மூலதனம்.

புதிய சங்கம் தன் பணிக்களமாகத் தோர்ணக்கல்லைத் தேர்ந்துகொண்டது. அந்நாளில் அது ஐதராபாத் நிசாமின் ஆட்சிக்குட்பட்ட ஓர் இரயில்வே சந்திப்பு. சுற்றிலும் காடும் சிற்றூர்களும். இன்று தெலங்கானா மாநிலத்தின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. 1904-இல் சங்கத்தின் முதல் ஊழியர் அங்குச் சென்றார். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் வங்காளத்துச் சீராம்பூரில் இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோதும் அசரியா அதன் முன்னணியில் நின்றார்.

ஆயினும் ஒரு முள் அவர் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருந்தது. மேடையேறிப் பிறரைத் தொலைநாட்டுக்குப் போகச் சொல்லும் தாம், சென்னையில் வசதியாக இருத்தல் தகுமா? இக்கேள்விக்கு அவர் சொல்லால் விடை கூறவில்லை. 1909-இல் பெரும்பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஜூன் 29-ஆம் நாள் டீக்கனாகவும், டிசம்பர் 5-ஆம் நாள் குருவாகவும் அபிடேகம் பெற்றார். முப்பத்தைந்து வயதில், இல்லறத்தாராய், மனைவியாருடன் தோர்ணக்கல் சென்று குடியேறினார்.

புதுமண்ணில் புதுமொழி

தொடக்கத்தில் அவர்கள் தங்கியது கூடாரத்தில். தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த நாவுக்குத் தெலுங்கு எளிதன்று. ஆங்கிலத்தில் ஆயிரவரைக் கட்டிப்போடும் சொற்பொழிவாளர், சேரித் திண்ணையில் குழந்தையைப் போலத் தெலுங்கு எழுத்துக் கூட்டக் கற்றார். ஊழியம் செய்ய வந்தவர், யாருக்கு ஊழியம் செய்ய வந்தாரோ அவர்களிடமே மாணவரானார். தொண்டு என்ற பெயரில் சேரிக்கு வருவோர் பெரும்பாலும் கற்பிக்கவே வருகின்றனர். கற்றுக்கொள்ள வருவோர் அரியர். இத்தம்பதியர் கற்றுக்கொண்டு கற்பித்தனர்.

அங்கு அவர்கள் கண்ட மக்கள் யாவர்? மாலர் நிலமற்ற உழவுக் கூலிகள், சிலர் நெசவாளர். மாதிகர் செத்த மாட்டை அகற்றித் தோல் பதப்படுத்துவோர். இரு சாராருக்கும் வெட்டி வேலை கட்டாயம்; கூலி கேட்டால் அடி. ஊர்க்கிணறு அவர்களுக்கில்லை, கோயில் இல்லை, பள்ளி இல்லை. கடன் தந்தை காலத்தது; பிள்ளை அதனை அடைக்கவே பிறந்தான். இத்தனைக்கும் மேலாக மாலரும் மாதிகரும் தம்முள் ஒருவரையொருவர் தீண்டுவதில்லை. ஒருவர் கையில் ஒருவர் உண்பதில்லை. மேலிருந்து விழுந்த சாதிப்படி கீழேயும் படிக்கட்டாய் நின்றது. இதனை வாசிக்கும்போது நம் நாட்டின் நிலையும் நமக்கு நினைவுக்கு வராமற் போகாது.

பேராயர் ஆன சேரித் தொண்டர்

1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராளருள் ஆசியர் மிகச் சிலரே. அங்குப் பேச அழைக்கப்பட்ட அசரியா, வெள்ளையர் பலர் முகம் சிவக்குமாறு ஓர் உண்மையைக் கூறினார். மேனாட்டு ஊழியர் இந்தியருக்குப் பொருள் தந்தனர், உழைப்புத் தந்தனர், உயிரும் தந்தனர்; ஆனால் சமமாக அமர்ந்து பழகும் நட்பை மட்டும் தரவில்லை; அதனையே இந்தியத் திருச்சபை இப்போது வேண்டி நிற்கின்றது என்பது அவர் பேச்சின் கருத்து. அவையில் சிலர் சினந்தனர், சிலர் தலைகுனிந்தனர். கொடுப்பவன் கை மேலேயும் வாங்குபவன் கை கீழேயும் இருக்கும்வரை அது அன்பாகாது என்பதை, உலக அவையில் எழுந்து நின்று சொன்ன முதல் தமிழ்க்குரல் அதுவாகும்.

அப்போது சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்பார் அசரியாவின் தகுதியை உணர்ந்தவர். அவருடைய முயற்சியால் தோர்ணக்கல் தனி மறைமாவட்டமாக்கப்பட்டது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிடேகம் செய்யப்பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை. ஓர் இந்தியனின் கீழ் வெள்ளைக் குருமார் பணி செய்வதா என்று முணுமுணுத்தோர் உண்டு. திருநெல்வேலியிலேயே பிற சாதிக் கிறித்தவர் சிலர், அவர் பிறந்த குலத்தைச் சுட்டி எதிர்த்தனர் என்பதும் வரலாறு. அவர் எவருக்கும் மறுமொழி எழுதிக்கொண்டிராமல் மாட்டுவண்டியைப் பூட்டினார்.

மாட்டுவண்டி என்பது அணிக்காகச் சொன்ன சொல்லன்று. பிற்காலத்தில் கிருஷ்ணா, கோதாவரி, கர்நூல், கடப்பைப் பகுதிகளும் சேர்ந்து அவருடைய மறைமாவட்டம் ஒரு நாட்டின் பரப்பளவாயிற்று. அதனை அவர் மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலுமே சுற்றி வந்தார். பெரும்பாலான பயணங்களில் அன்பு மரியம்மாள் உடன் சென்றார். மக்கள் அவரைத் தெலுங்கில் தண்டிரிகாரு, அதாவது தந்தையார், என்று அழைத்தனர்.

கணவனுக்குப் பாடம், மனைவிக்கும் பாடம்

இத்தம்பதியரின் கல்விப்பணியே நாம் சிறப்பாக ஆராயத்தக்கது. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் சேரியைப் பற்றிய நான்கு பேய்கள் என்று அசரியா கருதினார். இந்நான்கையும் வெளியிலிருந்து வருபவர் விரட்ட இயலாது; அம்மக்களுள்ளிருந்து எழும் ஆசிரியரே விரட்ட இயலும் என்பது அவர் துணிபு. ஆகவே ஊருக்கொரு ஆசிரியர் என்பதே அவர் திட்டம். அவ்வாசிரியர் மாலராகவோ மாதிகராகவோ இருப்பார். பகலெல்லாம் வயலில் வேலை செய்து திரும்பும் மக்களுக்கு மாலையில் விளக்கேற்றிப் பாடமும் வழிபாடும் நடத்துவார்.

தோர்ணக்கல்லில் நடந்த பயிற்சியில் ஒரு புதுமை இருந்தது. உபதேசியாராகவும் குருவாகவும் ஆகவிருந்த ஆடவர் தம் மனைவியரையும் அழைத்துவந்து தங்கினர். கணவர் ஒருபுறம் கற்க, மனைவியர் மறுபுறம் எழுத்தும், உடல்நலமும், குழந்தை வளர்ப்பும், பிற பெண்களுக்குக் கற்பிக்கும் முறையும் கற்றனர். இப்பெண்கள் பணியில் அன்பு மரியம்மாள் முன்னின்றார். நேற்றுவரை சாணம் அள்ளிய கைகளில் சிலேட்டுக் குச்சி ஏறியது. ஓர் ஊருக்கு ஓர் ஆசிரியர் போகவில்லை. ஆசிரியக் குடும்பம் போயிற்று. சேரியின் நடுவே ஒரு வீடு எவ்வாறு நடக்கவேண்டும் என்பதற்கு அக்குடும்பமே சான்றாயிற்று. சேரி ஆண்களுக்கே எழுத்தறிவு எட்டாத அக்காலத்தில், சேரிப் பெண்ணைக் கணவனோடு சமமாக அமர்த்திக் கற்பித்தது சிறிய செயலன்று.

பள்ளி மாணவர்கள் உழவும் தச்சும் கற்றனர். உடலுழைப்பை இழிவென்று எண்ணும் படிப்பு படிப்பாகாது என்பதில் பேராயர் கண்டிப்பாக இருந்தார். கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகங்கள், மருத்துவ நிலையங்கள் எழுந்தன. ஞானத்தானம் பெற்றவர் ஒவ்வொருவரும், ஏழையாயினும் எழுத்தறியாதவராயினும், தாம் அறிந்ததைப் பிறருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று தம் தலைமேல் கைவைத்து உறுதி கூறச் செய்தார். பெற்றுக்கொண்டவன் கொடுப்பவனாகவும் ஆதல் வேண்டும் என்ற திருநெல்வேலிப் பாடத்தையே தெலுங்குச் சேரியிலும் விதைத்தார்.

பலன் என்ன? 1912-இல் ஏறத்தாழ 8,000 கிறித்தவரும், விரல்விட்டு எண்ணத்தக்க இந்தியக் குருமாருமே அம்மறைமாவட்டத்தில் இருந்தனர். 1935-இல் இந்தியக் குருமார் 250 பேர். கிராம ஆசிரியர் 2,000 பேருக்கு மேல். மக்கள் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்துகொண்டிருந்தது. புதிய பகுதிகள் சேர்ந்தமையும் இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணமே. எனினும் அந்த ஆசிரியரிலும் குருமாரிலும் பெரும்பாலோர் மாலரும் மாதிகரும் என்பதே நாம் கருதவேண்டியது. சேரியில் நேர்ந்த மாற்றத்தைக் கண்ட ஊர்ச்சாதியார் பலரும், அதே சேரி ஆசிரியரிடம் வந்து விளக்கம் கேட்டனர் என்பது அக்காலக் குறிப்பு. கற்பிக்கத் தகுதியற்றவன் என்று தள்ளப்பட்டவன், தள்ளியவனுக்கே ஆசிரியனானான்.

அம்பேத்கர் எழுப்பிய வினா

இவ்வளவும் கூறிய நாம், மறைக்கத் தகாத ஒன்றையும் கூறுதல் வேண்டும். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் இயோலா நகரில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று டாக்டர் அம்பேத்கர் அறிவித்தார். நாடே அதிர்ந்தது. ஒடுக்கப்பட்டோர் மதம் மாறுவதைக் காந்தியடிகள் விரும்பவில்லை. வயிற்றுக்காகவும் சலுகைக்காகவும் அறியா மக்களை மாற்றுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. சேரி மக்களுக்கும் சிந்திக்கும் மனம் உண்டு. தம் வழியைத் தாமே தேரும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் நிலை. இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர். ஆயினும் இதில் ஒன்றுபடவில்லை. இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. கிறித்தவருக்கெனத் தனி வாக்காளர் தொகுதி வேண்டா என்று அசரியா உறுதியாக நின்றார். நாட்டோடு ஒட்டி வாழவேண்டும் என்பதே அவர் எண்ணம்.

அக்காலத்தில் அம்பேத்கர் அசரியாவிடம் நேரிற் கேட்ட வினா ஒன்றை, பேராயரின் அணுக்கர் பின்னாளில் பதிவு செய்துள்ளனர். எம் மக்கள் கிறித்தவராயின், எங்குச் சென்றாலும் ஒரே திருச்சபையாய் ஒன்றுபட்டிருப்பார்களா? சாதி வேற்றுமையின்றி அங்கு நடத்தப்படுவார்களா? இவையே அவ்வினாவின் சாரம். ஆம் என்று கூற அசரியாவால் இயலவில்லை. தம் வாழ்நாளில் அதுபோல் என்றும் வெட்கமுற்றதில்லை என்று அவர் கூறினாராம்.

சற்று எண்ணிப் பார்ப்போம். 1910-இல் வெள்ளையரை நோக்கி, எங்களைச் சமமாக நடத்துகின்றீர்களா என்று கேட்டவர் அசரியா. கால் நூற்றாண்டு கழிந்து, அதே வினா ஒடுக்கப்பட்டோரின் தலைவர் வாயிலாக அவரிடமே திரும்பி வந்தது. திருநெல்வேலித் திருச்சபைகளில் சாதி அழியவில்லை. தோர்ணக்கல்லிலும் மாலரையும் மாதிகரையும் ஒரே பந்தியில் அமர்த்த அவர் வாழ்நாள் முழுதும் போராட வேண்டியிருந்தது. சபைகளோ பல பிரிவுகளாய்க் கிடந்தன. அவர் பொய் சொல்லியிருக்கலாம், மழுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் வெட்கத்தை ஒப்புக்கொண்டதே அவரது பெருமை. அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார் என்பதை நாம் அறிவோம்.

இறுதிக்காலம்

திருச்சபைகள் ஒன்றுபட வேண்டும் என்பதற்காக அசரியா 1919-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கூடிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கியது முதல் உழைத்து வந்தார். இலண்டன் மாநகரிலும் அதற்காக வாதாடினார். அம்பேத்கரின் வினாவுக்குப் பின் அவ்வுழைப்பு இரட்டிப்பாயிற்று. முதுமையிலும் அத்தம்பதியர் பிறந்த ஊருக்குத் திரும்பி ஓய்வெடுக்க எண்ணவில்லை.

1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் தோர்ணக்கல் பேராலயம் திறக்கப்பட்டது. நெடுங்காலம் சிறுகச் சிறுக எழுந்த கட்டடம் அது. மசூதியின் குவிமாடமும் மினாரும், கோயில் மண்டபத்தின் தூண்களும், கிறித்தவச் சிலுவையும் ஒன்றாய் அமைந்தது. எந்தக் கோயிலிலும் கால் வைக்கக் கூடாதெனத் தடுக்கப்பட்ட மக்கள், தம் கையால் கல்லும் மண்ணும் சுமந்து எழுப்பித் தமக்கென உடைமையாக்கிக்கொண்ட அவ்வாலயம் இன்றும் நிற்கின்றது.

1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லில் காலமானார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எம்மண்ணில் உழைத்தாரோ அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கனவு கண்ட தென்னிந்தியத் திருச்சபை 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் உருவாயிற்று. அதனைக் காண அவர் இல்லை.

நாம் கொள்ளத்தக்கது

இம்மலரைப் படிப்போர் பல சமயத்தினர். அசரியாவின் சமயம் எல்லார்க்கும் உரியதன்று. ஆயினும் அவ்விருவரின் வாழ்க்கை நம் போன்ற கல்விச் சங்கத்திற்கு மூன்று பாடங்களைத் தருகின்றது.

முதலாவது, இரவற் பணத்தில் எழும் கல்வி இரவற் கல்வியே. பிடியரிசி சிறிதாயினும் நம்முடையதாதல் வேண்டும். இரண்டாவது, ஒரு பெண் கல்லாத வீட்டில் ஆணின் கல்வி ஒற்றைச் சக்கர வண்டி. தோர்ணக்கல்லில் கணவனும் மனைவியும் ஒருங்கே கற்றதுபோல், நம் பெண்மக்களும் ஆண்மக்களுக்கு ஒரு வகுப்பும் குறையாமல் கற்றாக வேண்டும். தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் குடும்பம் காத்த தாய்மார் நம் வட்டாரத்தில் எண்ணற்றவர். அவர்களுடைய விரல்களில் ஒட்டிய பசையும் மருந்தும் மகளுடைய விரல்களில் ஒட்டாதிருத்தலே நம் சங்கத்தின் பணிக்கு அளவுகோல்.

மூன்றாவது பாடம் அம்பேத்கரின் வினாவில் உள்ளது. அது அசரியாவோடு முடிந்ததன்று. பிறர் நம்மைச் சமமாக நடத்துகின்றனரா என்று கேட்கும் நாம், நம்மிலும் கீழென்று எவரையேனும் ஒதுக்குகின்றோமா? படித்து வேலைக்குச் சென்றவர், படிக்காத உறவினர் வீட்டில் கைநனைக்கின்றனரா? நம்முள் பறையரும் பள்ளரும் அருந்ததியரும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே விடுதியில் உறங்கி, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நாள் எந்நாள்? பேராயர் ஒருவரை வெட்கித் தலைகுனியச் செய்த வினாவுக்கு, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளேனும் ஆம் என்று விடை கூறுதல் வேண்டும். அவ்விடைக்காகவே நாம் பள்ளி நடத்துகின்றோம்.